ஐ.வி.எஃப். பேக்கேஜ் 1,30,000 ரூபாய்: இந்தப் பணம் போதுமா?

திண்டுக்கல் வாசகர் கேள்வி, 8 ஜூன் 2025

கல்யாணமாகி ஐந்து வருடம். மனைவிக்கு வயது 32. அவருக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் டியூப் டெஸ்ட் உட்பட. எல்லாம் நார்மல் என்கிறார்கள். ஒரு சென்டரில் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் குழந்தை) பேக்கேஜ் 1,30,000 ரூபாய், 70 சதவீதம் வெற்றி என்று போட்டிருக்கிறார்கள். மனைவியின் நகையை வைத்தால் அந்தப் பணம் வந்துவிடும். ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இந்தப் பணம் போதுமா?

8 ஜூன், இரவு

போதாது தம்பி. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று, உங்கள் டெஸ்ட் ரிசல்ட் எங்கே? மனைவிக்கு எடுத்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லியிருக்கிறீர்கள், உங்களுக்கு எடுத்ததாக ஒரு வார்த்தை இல்லை. விந்துப் பரிசோதனைக்கு ஊரில் இருக்கிற நல்ல லேபில் ஆயிரம் ரூபாய் கூட ஆகாது. வலி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. டியூப் டெஸ்டில் உங்கள் மனைவி எவ்வளவு வலி பட்டிருப்பார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். அதை முடித்துவிட்டு இதை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது, உங்கள் மேல் இல்லை, இதைக் கேட்காத டாக்டர் மேல்.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கும், தனியாகவோ பெண் பக்கத்துக் காரணத்தோடு சேர்ந்தோ. நாளைக்கே போய் எடுங்கள். இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். நகையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

9 ஜூன்

நேற்று அவசரமாக எழுதிவிட்டேன், இன்று கணக்கை எழுதுகிறேன். நான் காங்கேயத்தில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறவன், கோவையில் சிகிச்சை எடுத்தோம். ரசீதுகளையெல்லாம் ஒட்டி வைத்த நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எங்களிடம் பேக்கேஜ் என்று சொன்னது 1,40,000. அதில் ஸ்கேன், முட்டை எடுப்பது, லேப் வேலை, ஒரு தடவை கரு வைப்பது எல்லாம் சேர்த்தி. நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். முட்டை வளர்வதற்குப் போடுகிற ஹார்மோன் ஊசி அதில் சேராது, அது மட்டும் 75,000 பக்கம் வந்தது. ஆரம்பிக்கும் முன்பே இருவருக்கும் ரத்தப் பரிசோதனை, கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது என்று 22,000. எனக்கு விந்தணுக்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு அணுவை ஊசியால் செலுத்தும் இக்ஸி முறை, அதற்குத் தனியாக 25,000. ஹார்மோன் அளவு ஏறிவிட்டது, இந்த மாதமே வைக்க வேண்டாம் என்று கருவை உறைய வைத்தார்கள், 20,000. உறைய வைத்ததை எடுத்து வைப்பது பேக்கேஜில் வராதாம், அதற்கு 45,000. வைத்த பிறகு புரோஜெஸ்டிரோன் ஊசியும் மாத்திரையும். பஸ், லாட்ஜ், என் மனைவி தனியார் பள்ளி ஆசிரியை என்பதால் சம்பளப் பிடித்தம். மொத்தம் மூன்றரை லட்சத்தைத் தொட்டது. பொய் எதுவும் சொல்லவில்லை அவர்கள், கேட்டதற்கெல்லாம் ரசீது கொடுத்தார்கள். ஆனால் முதல் நாள் இந்த மொத்தத்தை யாரும் ஒரே தாளில் எழுதிக் காட்டவில்லை.

எழுதிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கும் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, சிகிச்சையின் சாதக பாதகம், வெற்றி வாய்ப்பு, பக்க விளைவு, செலவு எல்லாவற்றையும் தம்பதிக்கு விளக்கிச் சொல்வது மருத்துவமனையின் கடமை. கடைசியில் என்ன செய்தார்கள் என்று சான்றிதழும் தர வேண்டும். புகார் கொடுக்க ஒரு பிரிவும் அங்கேயே இருக்க வேண்டும். பதிவு எண் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

9 ஜூன், சற்றுப் பிறகு

சேலத்து அக்கா ஒருவர் தனக்கு ஊசிக்கு 35,000தான் ஆனது, நான் மிகைப்படுத்துகிறேன் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். ஊசியின் செலவு ஆளுக்கு ஆள் மாறும். முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஏ.எம்.எச். அளவு, ஸ்கேனில் தெரியும் சிறு பைகளின் எண்ணிக்கை, வயது, உடல் எடை இதையெல்லாம் வைத்துத்தான் டோஸ் போடுவார்கள். நீர்க்கட்டி உள்ளவர்களுக்குக் குறைந்த டோஸிலேயே நிறைய முட்டை வரும், அவர்களுக்குப் பயம் வேறு மாதிரி, அளவுக்கு மீறி வந்து வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். இன்னொன்று, ஊசியிலேயே இரண்டு ரகம் உண்டு. சிறுநீரிலிருந்து பிரித்தெடுப்பது விலை குறைவு, லேபில் மரபணு முறையில் தயாரிப்பது விலை அதிகம். குழந்தை பிறப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு எது பொருந்தும், ஏன் என்று டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை. கேட்டால் முகம் சுளிக்கிற டாக்டர் வேண்டாம்.

11 ஜூன்

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கிடைக்காது. பாலிசிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பொது விலக்குகள் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் கோட் 17 என்று தேடுங்கள். மலட்டுத்தன்மை, ஐ.வி.எஃப்., இக்ஸி, வாடகைத்தாய் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்த வாசகம் அது. கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு ஒரு அளவு வரை தருகிற பாலிசிகளும், சில பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்காக எடுக்கிற குரூப் பாலிசிகளும் இருக்கின்றன. நாமே எடுக்கிற பாலிசியில் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் இருக்கும், இப்போது சேர்ந்து உடனே கிளெய்ம் செய்ய முடியாது.

மத்திய அரசு ஊழியர்கள் கவனியுங்கள். மத்திய அரசு சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். பயனாளிகளுக்கு ஒரு சுழற்சிக்கு, அதாவது ஒரு தடவை சிகிச்சைக்கு, 65,000 ரூபாய் அல்லது உண்மையில் ஆன செலவு, இரண்டில் எது குறைவோ அது, அதிகபட்சம் மூன்று சுழற்சிக்குத் திரும்பக் கிடைக்கும். 2011இல் வந்த உத்தரவு. தபால் துறையில் வேலை பார்க்கும் என் சகலைக்கே அது தெரியாது. முன் அனுமதி வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அரசு மருத்துவமனை பற்றியும் கேட்டார்கள். எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் கருத்தரிப்பு மையம் வரும் என்று தமிழக அரசு 2023இல் அறிவித்தது. எழும்பூரில் தொடங்கியாகிவிட்டது. வரிசை நீளமாக இருக்கும், சென்னைக்கு அலைய வேண்டும், ஆனாலும் 35 வயதுக்குள் இருப்பவர்கள் தனியாரில் கால் வைக்கும் முன் அங்கே ஒரு தடவை போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள் என்பேன். கோவா மருத்துவக் கல்லூரியில் இலவசமாகவே செய்கிறார்கள். இங்கே திருப்பூர் மாவட்டத்துக்காரன் ஒருவனுக்குக் கோவையிலோ ஈரோட்டிலோ அப்படி ஒன்று இருந்தால் எத்தனை தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகாமல் இருக்கும்.

14 ஜூன்

இந்த 70 சதவீதம். எதில் 70 என்று கேளுங்கள். கரு வைத்துப் பதினான்கு நாளில், கர்ப்பம் நின்றதா என்று பார்க்க எடுக்கிற பீட்டா ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதையே வெற்றி என்று கணக்கு வைப்பவர்கள் உண்டு. அது பாசிட்டிவ் ஆகிப் பத்து நாளில் இறங்கிவிடுவதும் உண்டு, ஸ்கேனில் துடிப்பு வராமல் போவதும் உண்டு, ஒன்பதாவது வாரத்தில் கலைவதும் உண்டு. நீங்கள் கேட்க வேண்டியது, என் மனைவி வயதில், எங்கள் மாதிரிப் பிரச்சினையோடு வந்தவர்களில், சிகிச்சை தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்று.

பிரிட்டனில் இந்தத் துறையைக் கண்காணிக்க எச்.எஃப்.இ.ஏ. என்று ஒரு அரசு அமைப்பு இருக்கிறது, ஒவ்வொரு மருத்துவமனையின் முடிவையும் வெளியிடுகிறார்கள். அங்கே 35க்கு உட்பட்ட பெண்களுக்கு, சொந்த முட்டையில், வைக்கிற ஒரு கருவுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. நாற்பதைத் தாண்டினால் பத்தில் ஒன்று அளவுக்கு இறங்கி, அப்புறம் இன்னும் வேகமாகக் குறைகிறது. உலகத்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25இல் பிறந்த நாடு அது, அவர்களுடைய கணக்கே இப்படி. அப்புறம் நம் ஊர் பிளெக்ஸ் போர்டில் 70 எப்படி வரும் என்று யோசியுங்கள்.

ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள் தம்பி. முடியலாம், என் தங்கையின் நாத்தனாருக்கு முடிந்தது. ஆனால் முடியாது என்று வைத்துக்கொண்டு பணத்தைத் திட்டமிடுங்கள்.

15 ஜூன்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், நம்பிக்கையைக் கெடுக்கிறீர்கள், பாசிட்டிவாக எழுதுங்கள் என்கிறார். ஐயா, முதல் தடவை தோற்றதும் குற்றம் தன் உடம்புடையது என்று என் மனைவி ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. மூன்றில் ஒன்றுதான் வாய்ப்பு என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அவள் அப்படி நினைத்திருக்க மாட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. குறை என்னுடையது. எனக்குக் கவுன்ட் மிகக் குறைவு, ஓட்டமும் குறைவு. எங்களுக்கு இது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் என் பெரியம்மா தாராபுரம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர், இரண்டு பேரும் ஒன்றாகப் போய் டெஸ்ட் எடுங்கள், ஒருத்தியை மட்டும் அலைய விடாதே என்று கல்யாணமான இரண்டாம் வருடமே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ரிசல்ட் வந்த அன்று இரவே என் அம்மாவிடம் நானே சொன்னேன், அவளிடம் ஒன்றுமில்லை, என்னிடம்தான், இனிமேல் விசேஷம் உண்டா என்று யார் கேட்டாலும் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள் என்று. அம்மா அழுதார். அப்புறம் ஒரு நாளும் மருமகளை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் ஊர் அப்படி இல்லை. பங்காளி வீட்டு வளைகாப்பில் வளையல் போட வரிசையாகக் கூப்பிட்டபோது இவளைத் தாண்டி அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அவள் தட்டிலிருந்த சந்தனத்தை எடுத்துத் தன் கையில் தானே பூசிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆண்கள் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்குத்தான் இது. குறை உங்களிடம் இருந்தாலும் ஊசியெல்லாம் அவர்களுக்குத்தான். இக்ஸி என்றால் நம் வேலை ஒரு டப்பாவோடு முடிந்துவிடும். அவளுக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாளிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் வயிற்றில் ஊசி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேன், கடைசி ஊசி போட்டு முப்பத்தாறு மணி நேரத்துக்குள் மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது. வீட்டில் யாராவது பெண்ணைக் குறை சொன்னால் வாய் திறக்க வேண்டியது நீங்கள். அந்த ஒன்றுக்குப் பணம் தேவையில்லை.

15 ஜூன், இரவு

ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ள முடியுமா என்று கரூர் சகோதரி கேட்டிருந்தார். முடியும். தினமும் கோவைக்கு ஓடினால் வேலையும் போய்விடும், உடம்பும் போய்விடும். சிங்காநல்லூரில் பஸ் ஏறும்போது ஊசிகளை ஐஸ் பாக்கெட் போட்ட சின்ன தெர்மகோல் பெட்டியில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு வருவோம், பல்லடம் தாண்டியதும் மூடியைத் திறந்து ஐஸ் கரைந்துவிட்டதா என்று பார்ப்பாள். வீட்டு ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்கக் கூடாது, திறந்து மூடும்போது குளிர் மாறும், உள்தட்டில் வையுங்கள், ஃபிரீஸரில் வைக்கவே கூடாது. சாயங்காலம் ஏழு மணி என்றால் தினமும் ஏழு மணி. அவள் சமையலறை மேடையில் துண்டு விரித்து, ஸ்பிரிட் பஞ்சால் தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளித் துடைத்து, தோலைக் கிள்ளிப் பிடித்துத் தானே போட்டுக்கொள்வாள். ஒரே இடத்தில் போட்டால் கன்றிப்போகும், இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். பேனா மாதிரி வருகிற ஊசியில் முள்ளைத் திருகி டோஸ் சரிதானா என்று நான் பார்த்துச் சொல்வேன், எனக்குத் தரப்பட்ட வேலை அது. போட்டு முடித்ததும் உடனே உருவக் கூடாது, பத்து எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். கரன்ட் போனால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள், மறுபடியும் அந்த ஐஸ் பெட்டிதான், ஐஸ் பாக்கெட் எப்போதும் ஃபிரீஸரில் ஒன்று தயாராக இருக்கட்டும்.

19 ஜூன்

இன்று எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். 1981இல் இதே ஜூன் 19இல்தான் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் உயிரை மாய்த்துக்கொண்டார். பிரிட்டனில் முதல் குழந்தை பிறந்து இரண்டு மாதம் சொச்சத்தில், 1978 அக்டோபர் 3இல், அவருடைய முயற்சியில் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. முட்டை நிறைய வளர ஊசி போட்டார், கருவை உறைய வைத்துப் பிந்தைய சுழற்சியில் கர்ப்பப்பையில் வைத்தார். எங்களுக்குக் கோவையில் செய்தது அப்படியே இதுதான், இன்று உலகம் முழுக்கச் செய்வதும் இதுதான். அன்றைக்கு மாநில அரசு போட்ட குழு அவர் சொன்னதை நம்பவில்லை, வெளிநாடு போய் ஆய்வைப் பேச விடவில்லை, கடைசியில் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். 1986இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழுவினர் கொண்டுவந்த குழந்தைதான் முதல் என்று நாடு கொண்டாடியது. அந்தக் குழுவில் இருந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமாரே 1997இல் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதலில் செய்தவர் அவர்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். தன் பெயரில் இருந்த பெருமையை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்க எவ்வளவு பெரிய மனது வேண்டும்.

கணக்குப் பேசுகிற இடத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். எனக்குத் தோன்றியது, எழுதினேன். நம் நாட்டில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் கையில் பிறந்த சிகிச்சை இது. அது இன்று நகை இருப்பவனுக்கு மட்டும் என்று ஆகிவிட்டதே என்பது எனக்கு ஆறவில்லை.

22 ஜூன்

தம்பி ரிசல்ட்டைப் போட்டிருக்கிறார். கவுன்ட் ஒரு மில்லிக்கு 90 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் அளவு 1 கோடியே 60 லட்சம், அதைவிடக் குறைவு. பதற வேண்டாம். ஒரு ரிசல்ட்டை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது. புது அணுக்கள் உருவாகி வர எழுபது நாளுக்கு மேல் ஆகும், இரண்டு மூன்று மாதம் முன்னால் உங்களுக்கு வந்த காய்ச்சல் கூட இன்றைய ரிசல்ட்டில் தெரியும். மறுபடி எடுங்கள். இடையில் யூராலஜிஸ்ட் ஒருவரைப் பாருங்கள், விதைப்பையில் நரம்பு சுருட்டல், அதாவது ரத்தக் குழாய் வீங்கிச் சுருண்டிருப்பது, இருக்கிறதா என்று கையால் பரிசோதித்தே சொல்வார். சிகரெட், ஹான்ஸ் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஜிம்முக்குப் போகிறவர் என்று எழுதியிருந்தீர்கள், அங்கே டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஏதாவது போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆண்மைக்குத்தானே அந்த ஊசி என்று பலர் நினைக்கிறார்கள், அது அணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

அந்தப் பேக்கேஜுக்கு அட்வான்ஸ் கட்டவில்லை என்றது நிம்மதி. உங்கள் மனைவிக்கு 32தான், இரண்டு மூன்று மாதம் பொறுப்பதில் நஷ்டம் இல்லை. இதையே 38 வயதுக்காரர் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். 35 தாண்டிவிட்டால் ஆறு மாதம் முயன்றும் நிற்கவில்லை என்றாலே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

23 ஜூன்

ஐ.யு.ஐ. பற்றி விட்டுவிட்டேன். அணுக்களைக் கழுவிச் சுத்தம் செய்து நேராகக் கர்ப்பப்பைக்குள் விடுவது. சுழற்சிக்குப் பத்தாயிரம் பக்கம் ஆகலாம். கழுவிய பிறகு ஓடுகிற அணுக்கள் எத்தனை தேறுகின்றன என்பதைப் பொறுத்தது, தம்பிக்கு அது ஒத்துவரலாம். எங்களுக்கு ஒத்துவராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மலிவாக இருக்கிறதே என்று வருடக்கணக்கில் அதையே செய்துகொண்டிருக்கவும் வேண்டாம். ஒரு சில தடவை பார்த்துவிட்டு அடுத்த முடிவுக்கு வாருங்கள்.

27 ஜூன்

நாமக்கல்லில் இருந்து ஒருவர், இரண்டு தடவை தோற்றுவிட்டது, இப்போது கர்ப்பப்பையைச் சுரண்டிவிட்டால் கரு ஒட்டும் என்கிறார்கள், கருவை ஒட்டவைக்கும் திரவம், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் டிரிப்ஸ் எல்லாம் சேர்த்து இன்னும் 60,000 கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். எங்களிடமும் கேட்டார்கள். தோற்று உட்கார்ந்திருக்கிற நேரத்தில் எதைச் சொன்னாலும் தலையாட்டுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். கர்ப்பப்பையைச் சுரண்டுவதால் பயனில்லை என்று பெரிய அளவில் நடந்த சோதனையின் முடிவு 2019லேயே வந்துவிட்டது. ஐரோப்பிய மருத்துவர் சங்கமான எஷ்ரே 2023இல் இந்தக் கூடுதல் சிகிச்சைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, பெரும்பாலானவற்றை வழக்கமாகச் செய்யப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. நான் டாக்டர் இல்லை, உங்களுக்கென்று ஒரு தனிக் காரணம் இருக்கலாம். ஆனால் இதைச் செய்தால் எத்தனை பேருக்குப் பலித்தது, எந்த ஆய்வு என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த 60,000 உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

அவரிடம் கருமுட்டை தானம் பற்றியும் பேசியிருக்கிறார்களாம், ஆதார் கார்டெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 2022இல் ஈரோட்டில் 16 வயதுப் பெண் குழந்தையின் ஆதாரில் வயதைத் திருத்தி, பெற்ற தாயே உடந்தையாக இருந்து, மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துப்போய் முட்டையை விற்றது வெளியே வந்தது. சட்டப்படி முட்டை தருகிறவருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, அவருக்கு ஒரு வருட இன்ஷூரன்ஸ் நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். நம் ஆசைக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உடம்பு கெடக் கூடாது.

1 ஜூலை

திருக்கருகாவூர் போனீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். போனோம். பாபநாசத்துக்குப் பக்கம், கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் படி மெழுகிக் கோலமிட்டு, நெய் வாங்கி வந்து இருவரும் 48 நாள் சாப்பிட்டோம். அதையும் இதையும் நான் மோத விட மாட்டேன். அந்த நாட்களில் அவள் தூங்கினாள், அது எங்களுக்கு வேண்டியிருந்தது. ஆனால் மாதம் எட்டாயிரத்துக்கு லேகியம் கொடுத்து, ஊசி எதுவும் போடாதே, ஒரு வருடம் பொறு என்கிற ஆட்களிடம் போகாதீர்கள். பணத்தையாவது திரும்ப சம்பாதிக்கலாம், 37 வயதில் கழிகிற ஒரு வருடத்தை எங்கே போய்ச் சம்பாதிப்பது.

6 ஜூலை

நகைக்கடன். என் தொழிலே வட்டிக் கணக்கு என்பதால் இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வைப்பதென்றால் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ வையுங்கள், மூலையில் இருக்கிற அடகுக் கடையில் மாதத்துக்கு இரண்டு வட்டி என்பது வருடத்துக்கு 24 சதவீதம். எல்லா நகையையும் ஒரே ரசீதில் வைக்காதீர்கள், பிரித்து வைத்தால் பணம் வரும்போது ஒவ்வொன்றாக மீட்கலாம். சென்டரிலேயே இ.எம்.ஐ. போட்டுத் தருகிறார்கள், வட்டியே இல்லை என்கிறார்கள், பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, தவணை தவறினால் எவ்வளவு என்று கடன் தருகிற கம்பெனியின் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சிகிச்சை தோற்ற பிறகும் தவணை வந்துகொண்டே இருக்கும். அந்த எஸ்.எம்.எஸ். வரும்போதெல்லாம் என் மனைவி ஃபோனைத் திருப்பி வைப்பாள்.

தொடங்கும் முன்பே நாங்கள் இருவரும் உட்கார்ந்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு தொகையை எழுதினோம். இதற்கு மேல் போக மாட்டோம், காட்டை விற்க மாட்டோம், என் மாமனாரிடம் கேட்க மாட்டோம். அந்த வரம்பு வந்ததும் டாக்டர் இன்னொரு தடவை பார்க்கலாமே என்றார், அன்பாகத்தான் சொன்னார். வேண்டாம் சார் என்று அவள் சொன்னாள். நான் சொல்லவில்லை. அதை எப்போது நிறுத்துவது என்று சொல்ல அவளுக்குத்தான் உரிமை.

13 ஜூலை

எங்களுக்குக் குழந்தை பிறந்ததா என்று நேரடியாகவே ஒருவர் கேட்டுவிட்டார். இல்லை. ஒரு தடவை நின்று, ஏழாவது வாரத்தில் போய்விட்டது. அதைப் பற்றி இங்கே எழுத என் மனைவிக்கு விருப்பமில்லை, அதனால் எழுதவில்லை.

தத்துக்குப் பதிந்திருக்கிறோம். அது பற்றிக் கரூர் சகோதரி கேட்டதற்கு: மத்திய தத்துவள ஆணையமான காராவின் இணையதளத்தில் மட்டும்தான் பதிய வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும், இருவரின் சம்மதமும் வேண்டும், இருவரின் வயதையும் கூட்டிப் பார்த்துத்தான் எந்த வயதுக் குழந்தை என்று முடிவு செய்வார்கள். ஆதார், பான், வருமானச் சான்று, கல்யாணச் சான்று, மருத்துவச் சான்று வேண்டும். அப்புறம் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பேசுவார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு அம்மா, என் அம்மாவிடம்தான் நிறைய நேரம் பேசினார். கைக்குழந்தை என்றால் காத்திருப்பு வருடக்கணக்கில் ஆகும், ஆகவே ஐ.வி.எஃப். முடியட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம், இப்போதே பதிந்து வையுங்கள். நடுவில் யாராவது நர்ஸோ புரோக்கரோ குழந்தை இருக்கிறது, மூன்று லட்சம் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அது குழந்தை விற்பனை, ஜெயில். சமூகப் பணியாளர் கேட்கிற கேள்விகள் என்னென்ன என்று சகோதரி கேட்டிருக்கிறார், ஆலையில் இது அரையாண்டுக் கணக்கு முடிக்கிற வாரம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.